90 அடி வெள்ளை ஓக்: முதல் கயிற்றை எந்தக் கவையில் போடுவது?

நிழற்கிளை | அட்லாண்டா

வணக்கம். வீட்டுப் பின்புறம் ஒரு பெரிய வெள்ளை ஓக் நிற்கிறது. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 12 அடி, மொத்த உயரம் ஏறத்தாழ 90 அடி. உயிருள்ள முதல் கிளை 26 அடியில் தெற்கே கிடைமட்டமாக நீள்கிறது. 46 அடியில் ஒரு கவை (தண்டு பிரியும் இடம்), 56 அடியில் இன்னொன்று.

கையில் உள்ளவை: 150 அடி நீளத்தில் 13 மி.மீ. மரமேறும் கயிறு (16 புரி), மரமேறிகளுக்கான சேடில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்), தானே பூட்டிக்கொள்ளும் கேரபினர் (கொக்கி வளையம்) மூன்று, 12 அவுன்ஸ் எறிபை (எறிகயிற்றை மேலே எடுத்துப்போகும் எடைப்பை) இரண்டு, 180 அடி எறிகயிறு (பெரிய கயிற்றை மேலே இழுக்கும் மெல்லிய கயிறு), ஹெல்மெட். ப்ளேக்ஸ் ஹிட்ச் (கையால் தள்ளினால் கயிற்றில் நகரும், பாரம் வந்தால் பிடிக்கும் முடிச்சு) போடத் தெரியும், தரையோடு தரையாகத் தொங்கிப் பழகியாயிற்று. ஆணிக்காலணி போடப்போவதில்லை.

எந்தக் கவை? இரட்டைக் கயிறா (கவை மேல் ஓடி என்னிடமே திரும்பி வருவது), ஒற்றைக் கயிறா (ஒரு முனை கட்டப்பட்டு, ஓடாமல் நிற்பது)? பட்டைக்குச் சேதமில்லாமல் எப்படி?

கவைக்கால்

கவையைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தைப் பாருங்கள். தொலைவிலிருந்து நெருங்கி வர வேண்டும்.

மரம் முழுதாகக் கண்ணில் படும் தூரத்தில் நின்று சாய்வு, மின்கம்பி, ஒரு பக்கம் மட்டும் இலை மெலிந்திருப்பது இவற்றைக் கவனியுங்கள். அடுத்து கிளைகளின் நிழல் விழும் தரை. அங்கே மண் வெடித்திருக்கிறதா, வேர்ப்பக்கம் மேடு தட்டியிருக்கிறதா, குளவி மண்ணுக்குள் போய் வருகிறதா என்று பாருங்கள். அந்த ஊரில் யெல்லோ ஜாக்கெட் குளவி தரைக்குள்தான் கூடு கட்டும். எறிபை தொப்பென்று அதன் வாசலில் விழுந்தால் கூட்டமே கிளம்பிவிடும். பிறகு அடிமரம். வேர் தொடங்கும் இடத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தால் ஏறும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மேலே இலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் சரி, கீழே வேர் அழுகிக்கொண்டிருக்கும். இடி விழுந்த மரத்தில் மேலிருந்து கீழாகப் பட்டை உரிந்த கோடு தெரியும்.

கடைசியில் மேற்பகுதி. பைனாகுலர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மேலே முறிந்து சிக்கி நிற்கும் கிளைதான் ஆளைக் கொல்லும். கயிறு ஆடும்போது அது கழன்று நேராகக் கயிற்றின் வழியே இறங்கும். கோடையில் இலை இருக்கும்போது பார்த்தால் எது பட்டுப்போன கிளை என்று தெரியும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் பார்த்தால் கவையின் வடிவம் தெரியும். இரண்டு பருவத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

46, 56 இரண்டும் என்ன வடிவம்? V மாதிரியா, U மாதிரியா?

நிழற்கிளை

அடிப்பகுதியில் காளான் இல்லை. வடக்குப் பக்கம் 10 அடியில் பழைய வெட்டுக்காயம் மூடியிருக்கிறது. தட்டினால் கெட்டிச் சத்தம்தான் வருகிறது.

46 அடியில் உள்ளது குறுகிய V. இரண்டு தண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், நடுவில் பட்டை உள்ளே மடிந்து போகிறது. 56 அடியில் அடிமரத்திலிருந்து ஒரு கிளை பிரிகிறது, பருமன் 8 அங்குலம் இருக்கும். அங்கே பட்டை மேல்நோக்கி வரம்பு மாதிரி புடைத்திருக்கிறது. 40 அடியில் மேற்குப் பக்கம் கைப் பருமனில் ஒரு பட்ட கிளை நிற்கிறது.

தாம்பு

56தான். யோசிக்கவே வேண்டாங்க.

அந்த 46இல் பட்டை உள்ளே மடிஞ்சிருக்கு பாருங்க, அங்க ரெண்டு தண்டுக்கும் நடுவுல கட்டை கட்டையோட சேரவே இல்லைன்னு அர்த்தம். பார்க்க ஒண்ணா நிக்கும், பாரம் வந்தா பிளக்கும். பிளக்கலைனாலும் V கவை கயிற்றை நெரிச்சுப் பிடிச்சுக்கும். இரட்டைக் கயிறுன்னா மேல ஓடிக்கிட்டே இருக்கணும். நெரிச்சா ஏறவும் முடியாது, வேலை முடிஞ்சு இழுத்தா கயிறு வரவும் செய்யாது. 56இல் பட்டை மேல புடைச்சு வரம்பு கட்டியிருக்குன்னா அது நல்ல இணைப்பு. பச்சைக் கிளை, 6 அங்குலத்துக்கு மேல பருமன், கயிறு அடிமரத்தை ஒட்டி உட்காரணும். கிளையில 3 அடி தள்ளி உட்கார்ந்தா வேண்டாம், மறுபடி எறியுங்க.

பட்ட கிளை மேற்கேன்னா கிழக்குப் பக்கம் ஏறலாம்னு நினைக்காதீங்க. எறிகயிறு அதுல மாட்டி இழுத்தாலே உங்க தலையில வரும். முதல்ல ஆர்பரிஸ்டைக் (மரப் பராமரிப்புத் தொழில் செய்யறவரை) கூப்பிட்டு அதை எடுத்திடுங்க.

எறியறது: ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுட்டுத்தான் பையையே தொடணும். கயிற்றை ரெண்டு கையிலயும் தொட்டில் மாதிரி பிடிச்சு, ரெண்டு காலுக்கும் நடுவுல ஊசலாட்டி விடுங்க. 56 அடின்னா இந்த மாதிரி எறிஞ்சாலே போகும், பழக்கம் வேணும். போகலைன்னா 8 அடிக் கம்புல பொருத்துற பெரிய உண்டிவில் கிடைக்குது. வெள்ளை ஓக் பட்டை செதில் செதிலா இருக்கும், 12 அவுன்ஸ் பை மேலேயே நின்னுடும், இறங்காது. 14 அல்லது 16 அவுன்ஸ் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க.

பை கவையில சிக்கினா நேரா நின்னு வெட்டி இழுக்கக்கூடாது. எறிகயிறு இழுபட்டு, பை விடுபட்ட நொடியில உங்க முகத்துக்கே திரும்பி வரும். பக்கவாட்டுல தள்ளி நின்னு, தளர்த்தி, உதறி விடுங்க. ரெண்டு மூணு கிளை மேல விழுந்திருந்தா மறுமுனையில இன்னொரு பையைக் கட்டி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாத்தி மாத்தி இழுத்து வேண்டிய கிளைக்கு மட்டும் கொண்டுவாங்க. நிதானமா செஞ்சா கண்டிப்பா வரும்.

எட்டுமுடிச்சு

இடம் 56, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிதாக ஏறுபவருக்கு ஒற்றைக் கயிறுதான் நல்லது என்பேன். மேலே கயிறு ஓடாததால் பட்டை தேயாது. எந்தக் கவை என்று தனியே பிரித்தெடுக்கவும் வேண்டாம், கயிறு நாலு கிளை மேல் விழுந்தாலும் ஏறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுமுனையை அடிமரத்தில் இறக்கு-கருவியோடு கட்டி வைத்தால், மேலே இருப்பவர் மயங்கினால்கூட தரையில் நிற்பவர் அவரை இறக்கிவிட முடியும். இரட்டைக் கயிற்றில் அது நடக்காது. யாராவது மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

கவைக்கால்

மீட்பு விஷயத்தில் எட்டுமுடிச்சு சொல்வது முழுக்கச் சரி. கவையின் மேல் விழும் பாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் கணக்கில் எடுப்பதில்லை.

80 கிலோ ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கயிற்றில் கயிறு மேலே போய் அவரிடமே திரும்பி வருகிறது. கயிற்றின் இரண்டு பக்கங்களும் சேர்ந்து அவரைத் தாங்குகின்றன, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 40. கவையின் மேல் 80. ஒற்றைக் கயிற்றை மேலேயே கிளையில் சுருக்கிட்டு ஏறினாலும் அதே 80தான். ஆனால் கயிறு கவையைத் தாண்டி இறங்கி அடிமரத்தில் கட்டப்பட்டிருந்தால், இந்தப் பக்கம் ஆள் 80 இழுக்க, அந்தப் பக்கம் கட்டு 80 இழுக்க, கவைக்கு வருவது 160. பட்டையின் உராய்வு கட்டுப் பக்கத்து இழுவையைக் குறைக்கும் என்பதால் நடப்பில் கொஞ்சம் குறையும், ஆனால் அந்தக் குறைவை நம்பி ஏறக்கூடாது. இது அசையாமல் தொங்கும்போது. துள்ளித் துள்ளி ஏறும் ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கூடும்.

எனவே சோதனையும் அதற்கேற்ப மாறும். இரட்டைக் கயிற்றில் கயிற்றின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து இரண்டு பெரியவர்கள் தொங்கி, முழங்காலை மடித்து மெல்லத் துள்ள வேண்டும். ஏறும்போது வரும் பாரத்தைப் போல இரு மடங்கு ஆகிவிடுகிறது. அடியில் கட்டிய ஒற்றைக் கயிற்றை அடியில் கட்டிய நிலையிலேயே இருவர் தொங்கிச் சோதிக்க வேண்டும். தொங்கும்போது மூன்றாம் ஆள் தள்ளி நின்று பைனாகுலரில் கவையையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். கிளை வளைவது சரி. கவையில் கோடு திறந்தால் கயிற்றை இறக்கிவிடுங்கள்.

எட்டுமுடிச்சு

பாரக் கணக்கு சரி. 8 அங்குலப் பச்சை ஓக் கிளை அடிமரத்தை ஒட்டிய இடத்தில் 160 கிலோவைத் தாங்கும் என்பது என் கருத்து. ஆனால் சோதனை இல்லாமல் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இது ஆபத்து. ஒற்றைக் கயிறு என்றால் ப்ளேக்ஸ் ஹிட்சை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. இரட்டையில் முடிச்சுக்குப் பாதிப் பாரம்தான். ஒற்றையில் முழுப் பாரமும் அதன் மேல் விழுவதால் இறுகிப்போகும். தளர்த்த முயன்றால் பிடி திடீரென விடும், சூட்டில் உருகும். ரோப் ரெஞ்ச் மாதிரி மேலே உராய்வைப் பகிர்ந்துகொள்ளும் கருவி வேண்டும். நிழற்கிளையின் பட்டியலில் அது இல்லை. அப்படியானால் இருக்கும் சாமான்களுக்கு இரட்டைக் கயிறுதான் பொருந்தும். என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன்.

மீட்புக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். 56 அடியிலேயே இன்னொரு நல்ல கிளையில் இரண்டாவது கயிறு தொங்கட்டும், அதில் ஏறத் தெரிந்த ஒருவர் சேடில் மாட்டிக்கொண்டு கீழே நிற்கட்டும். சேடிலில் அசையாமல் தொங்கும் ஆளுக்குக் கால்களில் ரத்தம் தேங்கும். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

மரகதம் | ஆஸ்டின்

பட்டையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நான் சொல்கிறேன்.

இரட்டைக் கயிறு நேராகக் கவையில் ஓடினால் இரண்டு சேதம். கயிறு பட்டையை அறுத்து உள்ளே உயிருள்ள படலம் வரை போகும். பட்டையும் கயிற்றை உரசி நூல் நூலாகப் பிய்த்துவிடும். அதற்குத்தான் கேம்பியம் சேவர் (கவையில் கயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவே அமரும் காப்பு). தரையிலிருந்தே போடக்கூடியது தோல் குழாய் வகை. கயிற்றைக் குழாய்க்குள் கோத்து, குழாய்க்குப் பின்னால் கயிற்றில் ஒரு உருவு சுருக்குப் போடுங்கள். எறிகயிற்றால் இழுக்கும்போது அந்தச் சுருக்கு குழாயைத் தள்ளிக்கொண்டு மேலே போகும். குழாய் கவையில் சரியாக அமர்ந்ததும் உங்கள் பக்கத்துக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் சுருக்கு அவிழும். எந்தப் பக்கம் இழுத்தால் அவிழும் என்பதைத் தரையில் செய்து பார்த்துவிட்டு மேலே அனுப்புங்கள், மாற்றிப் போட்டால் இறுகத்தான் செய்யும். எடுக்கும்போது கயிற்றின் ஒரு முனையில் எட்டு முடிச்சுப் போட்டு மறுமுனையை இழுங்கள். முடிச்சு குழாயில் முட்டி அதையும் கூட்டிக்கொண்டு விழும். கீழே ஆள் நிற்கக்கூடாது.

ஓக் கிளையின் மேற்புறத்தில் பன்னம் (ஃபெர்ன் செடி) படர்ந்திருக்கிறதா? தென்கிழக்கு மாநிலங்களில் ரெசரெக்‌ஷன் ஃபெர்ன் என்று ஒன்று உண்டு. மழை இல்லாத நாட்களில் சுருண்டு பழுப்பாகச் செத்ததுபோல் கிடக்கும், நனைந்த சில மணி நேரத்தில் பச்சைப்பசேலென்று விரிந்துவிடும். காய்ந்திருக்கிறதே என்று காலால் தள்ளிவிடாதீர்கள். அது உயிரோடுதான் இருக்கிறது. கயிறு குறுக்கே ஒருமுறை உராய்ந்தாலே பாய்போல் உரிந்து வந்துவிடும். பன்னம் இல்லாத கிளையாகப் பார்த்துப் போடுங்கள்.

எங்கள் டெக்சாஸில் ஓக் வாடல் நோய் கடுமை. பிரெட்சியெல்லா என்ற பூஞ்சை. புதுக் காயத்தின் சாற்றைத் தேடி வரும் வண்டுகள் கொண்டுவரும், பிறகு பக்கத்து மரங்களுக்கு ஒட்டிய வேர்கள் வழியே தானாகப் பரவும். அதனால் பிப்ரவரி முதல் ஜூன் வரை இங்கே ஓக்கில் காயம்படும் எந்த வேலையும் தவிர்க்கிறோம். சிவப்பு ஓக் வகை தொற்றினால் சில வாரங்களிலேயே போய்விடும். வெள்ளை ஓக் ஓரளவு தாக்குப்பிடிக்கும். உங்கள் ஊரில் எப்படியிருந்தாலும் ஆணிக்காலணி வேண்டாம் என்ற முடிவு மிகச் சரி. ஒவ்வொரு குத்தும் ஒரு திறந்த காயம்.

பெரிய ஓக் எல்லாம் ஏறுவதற்கானவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் இருக்கும் ஏஞ்சல் ஓக்கைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். அங்கே ஏற அனுமதி இல்லை, அது நியாயமும்கூட.

நிழற்கிளை

எல்லோருக்கும் நன்றி. பட்ட கிளையை எடுக்க ஆளைக் கூப்பிடுகிறேன். 56 அடி, இரட்டைக் கயிறு, தோல் குழாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

முடிச்சில் ஒரு சந்தேகம். தரையில் பழகும்போது ஹிட்ச் சில நேரம் உடனே பிடிக்கிறது, சில நேரம் அரை அடி நழுவிப் பிடிக்கிறது. என்ன காரணம்?

தாம்பு

நழுவுதுன்னா மூணுல ஒண்ணு.

முதல்ல முடிச்சே சரியான்னு பாருங்க. கவையைத் தாண்டி இறங்கி வர்ற, ஓடுற கயிற்றைச் சுத்தி கீழிருந்து மேலா நாலு சுத்து. அப்புறம் முனை கீழே வந்து, முடிச்சுலயிருந்து சேடிலுக்குப் போற கயிற்றுக்கு (பாலம்னு சொல்வாங்க) முன்பக்கமா கடந்து, ஓடுற கயிற்றுக்குப் பின்னால போய், கீழ் ரெண்டு சுத்துக்கும் உள்ளே புகுந்து வெளிய வரணும். பாலத்தைக் கடக்காம நேரா உள்ளே நுழைச்சீங்கன்னா பார்க்க அதே மாதிரி இருக்கும், கொஞ்சம் பிடிக்கவும் செய்யும், ஆனா முழு பாரத்துல உருண்டு அவிழும். இதைத்தான் தற்கொலை முடிச்சுன்னு சொல்வாங்க. ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தர் கண்ணால பார்த்துச் சொல்லணும்.

ரெண்டாவது, சுத்துகள் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம வரிசையா உட்கார்ந்திருக்கணும். போட்டதும் கையால இறுக்கி, உட்கார்ந்து பாரம் கொடுத்து, அப்புறம்தான் ஏறணும். வால் ஒரு சாண் மிச்சம் இருக்கட்டும், அதுல எட்டு முடிச்சு.

மூணாவது, புதுக்கயிறு வழுவழுன்னு இருக்கும். கொஞ்ச நாள் தாழ ஏறி இறங்கினா சரியாகிடும்.

பாலத்தோட நீளம் ரொம்ப முக்கியம். முழுசா தொங்கும்போது முடிச்சு கை மடங்கின நிலையிலயே எட்டணும். கை நீட்டியும் எட்டலைன்னா 50 அடி உயரத்துல தொங்கிக்கிட்டு இறங்க வழியில்லாம நிப்பீங்க. ஓரடியிலிருந்து ஒன்றேகால் அடி போதும்.

ஏறறதுக்கு வெறும் கையை நம்பாதீங்க, தோள் போயிடும். ஹிட்சுக்குக் கீழே தொங்குற கயிற்றுல 8 மி.மீ. கயிற்றால ஒரு புரூசிக் (இன்னொரு வகைப் பிடிமுடிச்சு) போட்டு அதுல கால் வளையம் தொங்க விடுங்க. உட்கார்ந்து, வளையத்தை மேல தள்ளி, கால் வெச்சு எழுந்து, ஹிட்சை மேல தள்ளி, மறுபடி உட்காரணும். ரெண்டு அடி கயிறு ஹிட்ச் வழியா போனா நீங்க ஓரடிதான் மேல போவீங்க, அதனாலதான் இழுக்க லேசா இருக்கு. 10 அடிக்கு ஒருதரம் ஹிட்சுக்குக் கீழே ஒரு காதுமுடிச்சு போட்டுக்கிட்டே போங்க. ஹிட்ச் என்ன ஆனாலும் அந்த முடிச்சு தாண்டி ஓடாது.

இறங்கும்போது மெல்ல. வேகமா விட்டா பாலியெஸ்டர் உருகி முடிச்சுக்குள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு கெட்டியாகும். விரல்ல தடவிப் பார்த்தாலே தெரியும். அந்தத் துண்டை வெட்டிப் போட்டுட்டு புதுசா கட்டுங்க. முனையையே ஹிட்சாக் கட்டாம 5 அடித் தனிவால் (தனிக் கயிற்றுத் துண்டு) ஒண்ணு வெச்சுக்கிட்டா அதை மட்டும் மாத்தலாம், பெரிய கயிறு குறையாது.

கவைக்கால்

26 அடியில் தெற்கே நீளும் கிளையைப் பற்றி நிழற்கிளை கேட்கவில்லை, ஆனால் ஏறியதும் அதில் நடக்கத்தான் மனம் போகும். இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கயிறு 56இல், கிளை 26இல். இடைவெளி 30 அடி. அடிமரத்திலிருந்து 15 அடி தள்ளிப் போனால் கயிற்றின் சாய்நீளம் 33.5 அடி. அங்கே கால் தவறினால் ஊசலாக ஆடி அடிமரத்தை நோக்கி வருவீர்கள், 3.5 அடி விழுந்த வேகத்தோடு. மணிக்கு 16 கி.மீ. கைகாலை நீட்டிச் சமாளிக்கலாம். 30 அடி தள்ளிப் போனால் சாய்நீளம் 42.4 அடி, வீழ்ச்சி 12 அடிக்கு மேல், வேகம் மணிக்கு 30 கி.மீ. கயிறு அறாது, ஹிட்சும் விடாது, ஆனால் அடிமரம் அங்கேயே நிற்கிறது. இரட்டை மடங்கு தூரத்துக்கு மூன்றரை மடங்கு வீழ்ச்சி. தொடக்கத்தில் 10 அடிக்கு மேல் போகாதீர்கள். தூரம் போக வேண்டுமென்றால் அந்தக் கிளைக்கு நேர்மேலே இன்னொரு கவை வழியாகக் கயிற்றைத் திருப்பிவிட வேண்டும். அத்தோடு லேன்யார்டை (சேடிலோடு இணைந்த குட்டைக் கயிறு) கிளையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அடுத்த பக்கக்கிளையைத் தாண்டும்போது மட்டும் மாற்ற வேண்டும்.

நடக்கும் முறை: முகம் அடிமரத்தைப் பார்க்க, உடல் பின்னால் சாய, எடை கயிற்றில் இருக்க, பக்கவாட்டில் ஒவ்வொரு பாதமாக. நிமிர்ந்து நின்று கிளையில் பாலன்ஸ் செய்ய முயன்றால் கயிறு தளரும். திரும்பி வரும்போதுதான் ஆபத்து அதிகம். ஒவ்வொரு அடிக்கும் தளர்வு சேரும், அதை உடனுக்குடன் ஹிட்ச் வழியாக எடுக்க வேண்டும். இந்தக் கயிறுகள் மீள்தன்மை குறைந்தவை. பாறை ஏறும் கயிறுபோல விழுந்தவரை நீண்டு தாங்காது. மூன்றடித் தளர்வில் விழுந்தால் இடுப்புக்கு வரும் அடி பலமாக இருக்கும். கட்டிய கவைக்கு மேலே ஏறி நிற்பதும் இதே காரணத்தால் கூடாது.

மரகதம்

அட்லாண்டாவில் இருப்பவர் வேறெங்கும் தேட வேண்டாம். பீட்டர் ஜென்கின்ஸ் 1983இல் ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனலைத் தொடங்கியதே அந்த ஊரில்தான், வெள்ளை ஓக்குகளில்தான். 56 அடிக்குப் போவதற்கு முன் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று முடிச்சைப் பார்ப்பதற்கு இங்கே நாம் பேசுவது ஈடாகாது.

இன்னும் இரண்டு. அடிமரத்தில் ரோமம் அடர்ந்த கொடி ஒட்டியிருந்தால் அது பாய்சன் ஐவி. இலை இல்லாத குளிர்காலத்திலும் அதன் எண்ணெய் தோலை எரிக்கும், எறிகயிற்றில் ஒட்டி கை, முகம் எல்லாம் வரும். கயிற்றையும் கையையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்து, ஜார்ஜியா கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம். இடிச்சத்தம் காதில் விழுந்தால் இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் மரத்தடிக்கே போகாதீர்கள்.

நிழற்கிளை

முதலில் பயிற்சிக்குப் பதிவு செய்கிறேன். கடைசிக் கேள்வி: கயிறு கவையில் நன்றாக அமர்ந்துவிட்டால் மறுநாளுக்கு அப்படியே விட்டுவிடலாமா? ஒவ்வொரு முறையும் எறிவது பெரிய வேலையாக இருக்கிறது.

தாம்பு

கூடாதுங்க. அணில் கடிக்கும். ஓக்கில கொட்டை பொறுக்க வர்ற அணில் விடியக்காலையில கவைகிட்ட ரெண்டு புரி கடிச்சுட்டுப் போனா, கீழேயிருந்து பார்த்தா தெரியவே தெரியாது. வெயில்ல கயிறும் வெளுக்கும்.

கயிற்றோட முனையில எறிகயிற்றைக் கட்டி இழுத்து, எறிகயிறு மட்டும் மேல இருக்கிற மாதிரி மாத்திட்டு வந்துடுங்க. ரெண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, பசங்க கைக்கு எட்டாத உயரத்துல அடிமரத்தோட மடக்கி வையுங்க. மறுநாள் அதை ஒரு சுத்து முழுசா இழுத்து விரல்ல ஓட்டிப் பாருங்க. அறுபட்ட இடம் இல்லைன்னா அதுலயே பெரிய கயிற்றை ஏத்தலாம். ஏத்தினபின் ரெண்டு பேர் தொங்குற சோதனை மறுபடி முதல்ல இருந்து. கேம்பியம் சேவரை மட்டும் ராத்திரி மேல விடாதீங்க, தோல்னா அணிலுக்கு இன்னும் பிடிக்கும்.